ஏழாவது போல்ட்

கேட்டைப் போட்டுவிட்டார்கள். போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம், இதில் மூன்று இடத்தில் கேபிள் வயரைக் கம்பால் தூக்கிப் பிடித்து, ஒரு தெருவில் கல்யாண வீட்டுக்காரர்களிடம் கெஞ்சிப் பந்தல் வாழையைச் சாய்க்கச் சொல்லி, கடல் காற்று மூக்கில் ஏறுகிற இடத்துக்கு வந்த பிறகு ரயில்வே கேட். இசக்கிமுத்து பிக்கப்பின் எஞ்சினை அணைத்துவிட்டுச் செல்லை எடுத்து ஏதோ வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். "ரெண்டு வண்டி போவணும் சார். ஒரு கூட்ஸ், ஒரு பாசஞ்சர். இருவது நிமிசம் ஆவும்." நான் கேட்டேனா இவனிடம்? பதினோரு மணிக்கு நீர் ஏறும், அதற்குள் படகைச் சரிவில் இறக்கியாக வேண்டும், தவறினால் நாளைக்குத்தான். நாளைக்கு என்றால் நல்லதுதானே என்று எனக்குள் ஒருவன் சொல்கிறான். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேபிள் வயர் மாட்டியபோது சொன்னான், வாழைமரத்துக்குச் சொன்னான், இப்போது கேட்டுக்கும் சொல்கிறான், வாயை மூடு என்றால் இரண்டு நிமிடம் மூடுகிறான். பக்கக் கண்ணாடியில் படகின் வெள்ளை மூக்கு மட்டும் தெரிகிறது. இருபதடிப் பாய்மரப் படகு. பாய்மரத்தைக் கழற்றி மேலே நீளவாக்கில் கட்டியிருக்கிறோம், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பியூலா தன் பழைய சிவப்புத் துப்பட்டாவை முடிந்து வைத்திருக்கிறாள். அதற்கும் பின்னால் ஸ்கூட்டரில் அவள், என் ஒரே மகள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் டிரெய்லரின் இரண்டு டயரையும் மாறி மாறிப் பார்த்தபடி. அவளுக்கு எதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைத் தவிர. என்னைப் பார்த்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பாள். ஜன்னலருகே பைக்கில் ஒரு ஆள் வந்து நின்றான், வந்ததும் ஆரம்பித்துவிட்டான். "அண்ணாச்சி, மோட்டார் எங்க?" மோட்டார் கிடையாது, பாய் என்றேன். "அப்ப எப்படிப் போவும்?" காற்றில் போகும். சிரிக்கிறான். கடற்கரையிலே பிறந்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? காற்றில் போகும் என்பதைத் தூத்துக்குடியில் ஒருவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. விட்டானா? குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்துவிட்டுக் கேட்டான், "அடியில இரும்பு மாதிரி ஒண்ணு தொங்குதே, அது கழண்டு விழுந்துராதா?"

விழாது என்றேன். கேட்ட வேகத்தில் சொன்னேன், அதட்டலாகவே சொல்லியிருக்கிறேன், அவன் பைக்கை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டான். அவன் பாவம், கேட்டது ஒன்றும் தப்பில்லை. அதுதான் கீல். முந்நூறு கிலோ வார்ப்பிரும்பு. அது அடியில் தொங்குவதால்தான் காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகு கவிழாமல் நிமிர்கிறது. அது இல்லாவிட்டால் படகு குப்புறப் புரண்டுவிடும், நிமிராது. அந்த முந்நூறு கிலோவைப் படகின் அடித்தளத்தோடு பிடித்து வைத்திருப்பது ஏழு போல்ட். பின்னாலிருந்து எண்ணினால் ஏழாவது இல்லை. இருக்கிறது, பார்த்தால் இருக்கிறது, ஏழில் அதுதான் அழகாகக்கூட இருக்கிறது, ஆனால் இல்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஐஸ் பேக்டரிப் பின்கட்டில் போட்டுவிட்டுப் போன படகு இது. ஆறு வருஷம் மழையும் வெயிலும் குடித்துக் கிடந்ததைப் பியூலா பிடிவாதம் பிடித்து வாங்கினாள், எங்கள் வீட்டுக் கொட்டகையில் பதினான்கு மாதம் நானும் அவளும் சுரண்டினோம், தேய்த்தோம், பூசினோம். துருப்பிடித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்றாள். எண்ணெய் ஊற்ற வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், சூடு காட்ட வேண்டும், பிறகுதான் ஸ்பானர். அப்படித்தான் ஆறு கழன்றது. ஏழாவதற்கு எண்ணெய் ஊற்றிவிட்டுக் கயத்தாறுக்கு வேலைக்குப் போனாள், காற்றாலைகளில் ஏறிப் பராமரிப்புப் பார்க்கிற வேலை, நாள் முழுக்க போல்ட்டுகளோடுதான் அவள் பிழைப்பு. "நான் செவ்வாக்கிழமை வந்துருவேன்ப்பா, அதுவரைக்கும் தொடாதீங்க" என்றாள். தொடாதீங்க. என்னிடம். முப்பத்தொரு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம். குருத்தோலை ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை, ஸ்பானரில் நாலடிக் குழாயைச் செருகி முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. கையில் கனம் போய்விட்டது. போல்ட் இரும்புக்குள் இரண்டு இஞ்ச் ஆழத்தில் முறிந்து, மேல்பாதி ஸ்பானரோடு வந்துவிட்டது. சட்டையில் துரு. என் மனைவி ஹெப்சி சமையல்கட்டிலிருந்து, "என்ன உடைஞ்சது?" என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். அதுதான் முதல் ஒண்ணுமில்ல.

அப்போதே சொல்லியிருக்கலாம். எத்தனை முறை இந்த வாக்கியத்துக்கு வந்து முட்டுகிறேன். உடைந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்து, புதிதாக மரை வெட்டிப் போடுவது ஒன்றும் நடக்காத காரியமில்லை, லேத்துக்காரனைக் கூட்டிவந்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்து அவளை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்? பொறுமை கிடையாது உனக்கு, எதையும் முழுசாகச் செய்ய மாட்டாய், அவசரக்குடுக்கை, பென்சில் சீவத் தெரியாமல் சீவி முறிக்கிறாய். பத்து வயதுப் பிள்ளையைப் பென்சிலுக்காக நிற்கவைத்தவன், நாலடிக் குழாயோடு நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒரு துண்டுத் தண்டை வெட்டி, எபாக்ஸிப் பசை குழைத்து அந்தக் குழிக்குள் நட்டு, மேலே வாஷர் போட்டு நட்டையும் ஒட்டிவிட்டேன். மற்ற ஆறுக்கும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, அவள் கம்பெனியில் செய்வதுபோலவே இறுக்கியதற்கு அடையாளமாக ஏழு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் கோடு இழுத்தேன். ஏழின் மேலும். கோடு நேராக விழுந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஏழாவது வந்துருச்சாப்பா? ஐயோ சூப்பர்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரெஞ்சை எடுத்து ஒரு தடவை சரிபார்ப்பாள், அப்போது சுழன்று வந்துவிடும், அதோடு தெரிந்துவிடும், திட்டுவாள், தீர்ந்தது என்றுதான் நின்றேன். அவள் சரிபார்க்கவில்லை. காற்றாலையில் கூட வேலை செய்கிறவன் இறுக்கியதை நம்பாமல் மறுபடி வைத்துப் பார்க்கிற பெண், அப்பா இறுக்கியதென்றதும் டார்ச்சை அணைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாக, அவள் மேல்தான் வந்தது, என்ன பெண் இவள், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல்.

செல் அடிக்கிறது. அபிராமியின் அம்மா. பியூலாவோடு வேலை பார்க்கும் பெண் அபிராமி, இன்று படகில் அவளும் போகிறாள். எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பார்கள். "அண்ணாச்சி, ஜெபத்துரை அண்ணாச்சிதான? நான் அபிராமி அம்மா பேசுதேன்." சொல்லுங்கம்மா. "ஒண்ணுமில்ல, இவ காலையிலயே ஆடிக்கிட்டுக் கெளம்பிட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல. இவளுக்கு நீச்சலும் தெரியாது, கெணத்துல கூட எறங்குனது கெடையாது." லைப் ஜாக்கெட் இருக்கிறதும்மா என்றேன். "அது இருக்கட்டும். எங்கப்பா பாய்லரே பாத்தவுக, அவுக கையால ஒவ்வொரு போல்ட்டா போட்டதுன்னு பியூலா சொன்னா. அதக் கேட்ட பெறவுதான் நான் சரின்னேன். நீங்க சொல்லுங்க, அனுப்பலாமா?" பாசஞ்சர் வருகிறது போலிருக்கிறது, தண்டவாளம் ஒலிக்கிறது. அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். "அது போதும் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார்கள். எது போதும்? நேற்று சாயங்காலம் எங்கள் சபைப் போதகர், ஐயர், வந்து படகுக்கு ஜெபம் செய்தார், ஹெப்சியின் ஏற்பாடு, மத்தியானமே கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தாள். எங்கள் சபையில் புது வீடு என்றாலும் புது கிரைண்டர் என்றாலும் ஐயர் வந்து ஜெபிக்காமல் எதையும் தொட மாட்டார்கள். அவர் எங்கே கை வைக்கலாம் என்று தேடி, படகின் மேல்பகுதி எட்டாததால் குனிந்து கீலின் முன்பக்கத்தில் வைத்தார். சரியாக அந்த இடத்தில். இதைச் செய்த கைகளை ஆசீர்வதியும் என்று ஜெபித்தார். ஆமென் என்று எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சொன்னேன், ஹெப்சி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

ஆறு போதும். கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு முறையல்ல, சவரம் செய்யும்போது, சாப்பிடும்போது, பிரசங்கத்தின் நடுவில். முந்நூறு கிலோவுக்கு மூன்று போல்ட்டே தாங்கும், வடிவமைத்தவன் எப்போதும் இரண்டு மடங்கு வைத்திருப்பான். ஆறு போதும். ஆனால் முன்னால் இருப்பது ஏன் முன்னால் இருக்கிறது? கீல் தரையில் முட்டினால் முதல் அடி விழுவது அங்கேதான். கால்வாய் வாயில் மணல் திட்டு இருக்கிறது, போன வாரம்கூட ஒரு வள்ளம் தட்டி நின்றது. கீல் திட்டில் முட்டும், முன்பக்கம் இழுபடும், எபாக்ஸி விட்டுக்கொடுக்கும், ஆறாவது போல்ட் இரண்டின் பாரத்தை வாங்கும், சந்தில் மயிரிழை விரிசல் விடும், தண்ணீர் உள்ளே வரும். அப்புறம் அலை. கிணற்றில் கூட இறங்காத பெண். இல்லை, ஆறு போதும். முட்டாது. பியூலா பார்த்துப் போவாள். ஆனால் பார்த்துப் போகிறவளைப் பார்க்க விடாமல் செய்தவன் யார்? பாய்லர் பார்த்த காலத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்து முதல் தடவை ப்ரெஷர் ஏற்றும்போது ரிப்பேர் செய்தவனைப் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். தைரியமாக நின்றால் கையெழுத்துப் போடுவேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் சண்முகையா என்று ஒரு பிட்டர் நிற்க மாட்டேன் என்று பின்வாங்கினான். பார்த்தால், விரிசலின் மேல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான். "நான்தான் சார் கீறல் விட வச்சேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்று அழுதான். பாய்லருக்கு உன் வெட்கம் தெரியுமா என்று அத்தனை பேர் நடுவில் கேட்டேன். எழுதியும் கொடுத்தேன். அவன் வேலை போயிற்று. நல்ல கேள்வி கேட்டதாக மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். அவனாவது பின்வாங்கினான். நிற்கச் சொன்னதும் காலை எடுத்து வைத்து விலகினான், பொய்யைக் காலால் ஒத்துக்கொண்டான். நான் அதுவும் செய்யவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிக்கப்பில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவைத் தட்டினாள். பியூலா, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வை, இத்தனை எரிச்சலிலும் அவளுக்கு மட்டும் சிரிப்பு. "அப்பா, தண்ணி குடிச்சீங்களா? வீட்டுலேருந்து உர்ருன்னே வாறீங்க." குடித்தேன் என்றேன். "அபி அம்மா போன் பண்ணாங்களாமே? உங்ககிட்டப் பேசுன பெறவு சந்தோசமா வச்சிட்டாங்களாம்." சந்தோஷமாக. எனக்கு ஒரு வழி தோன்றியது, தோன்றிய உடனே பெரிய நிம்மதி. "பியூலா, படகுல நானும் வாரேன்." அவள் சிரித்துவிட்டாள். "முட்டிய மடக்க முடியல, படகுல எங்க உக்காருவீங்க? கரையில நின்னு பாருங்கப்பா." நான் வரணும் என்றேன். "எதுக்கு?" எதுக்கு? பக்கத்தில் நிற்பதற்கு. நின்றால்? நான் அதில் உட்கார்ந்திருந்தால் இரும்பு முறியாதா? முறிந்தால் மூன்று பேராகப் போவோம், அவ்வளவுதான் வித்தியாசம், அபிராமி அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்குமா? இத்தனை வருஷம் எத்தனை பேரைப் பாய்லர் பக்கத்தில் நிற்க வைத்தேனே, அது பாய்லரை ஒரு நூல்கூடப் பலப்படுத்தவில்லை என்று இன்றைக்கு இந்த கேட்டில் உட்கார்ந்து உறைக்கிறது. பாசஞ்சர் போய்க் கூட்ஸும் வந்துவிட்டது. நிலக்கரி வண்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று, தரை அதிர்கிறது, இசக்கி காதைப் பொத்திக்கொண்டான். அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். ஏழாவது போல்ட் உடைஞ்சிட்டு பியூலா, நான்தான் உடைச்சேன், இருக்கிறது ஒட்டினது. சொல்லிவிட்டேன். அவள் குனிந்து காதைக் காட்டினாள், உதட்டைப் பார்த்தாள், கடைசிப் பெட்டி போன பிறகு, "என்னப்பா சொன்னீங்க? கேக்கல" என்றாள். கேட்காது என்று தெரிந்துதான் அப்போது சொன்னேன். ஒண்ணுமில்ல என்றேன். இது எத்தனையாவது ஒண்ணுமில்ல என்று தெரியவில்லை. கேட்டைத் தூக்கத் தொடங்கினார்கள். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள், இசக்கி சாவியைத் திருகினான், எங்களுக்குப் பின்னால் இருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரனை அடித்தது. எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல், கேட் மேல், ஹாரன் மேல், இசக்கி மேல், கேசரி மேல், கையை எங்கே வைப்பதென்று தெரியாத ஐயர் மேல், அடியில் குனிந்து பார்த்த அந்த பைக் ஆள் மேல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் போய் நிற்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தான். கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். "சார், எங்க போறீங்க, வண்டி எடுக்கணும்" என்று இசக்கி கத்துகிறான்.

"பியூலா!" ஸ்கூட்டரில் ஏறப் போனவள் திரும்பினாள். டிரெய்லரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தேன், முட்டி வலித்தது, பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, வீட்டுல போய்ப் பேசுங்க" என்றான். "ஏழாவது போல்ட் உடைஞ்சு போச்சு. குழாயப் போட்டு அழுத்தி நான்தான் உடைச்சேன். நீ தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போன அந்த ஞாயித்துக்கிழம." அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "மேல இருக்கே?"

"ஒட்டுனது."

"நட்டு?"

"அதுவும்."

"உள்ள எவ்வளவு நிக்குது?"

"ரெண்டு இஞ்ச்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கீலைப் பார்த்தாள், முன்பக்கத்தை. நீல பெயின்ட் போன வாரம் அடித்தது, பளபளவென்று இருந்தது. ஹாரன் நிற்கவே இல்லை. அவள் செல்லை எடுத்தாள். "அபி, எங்க இருக்க? இன்னைக்கு இல்ல, வீட்டுக்குப் போயிரு. இல்ல, நல்லாத்தான் இருக்கோம். பெறவு சொல்லுதேன்." முன்னால் நடந்து போய் இசக்கியின் ஜன்னலில் சொன்னாள். "அண்ணே, இங்க திருப்ப முடியாது. தண்டவாளத்தத் தாண்டி அங்குன ஓரங்கட்டுங்க. வீட்டுக்குத் திருப்பணும்." இசக்கி என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். அவள் திரும்பி வந்தபோது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். "மத்த ஆறும் நல்லாருக்கு பியூலா," என்றேன், "அதுல ஒரு குறையும் கிடையாது. ஏழாவத மட்டும் லேத்துக்காரன வச்சு எடுத்துட்டா, ஒரு வாரத்துல எறக்கிரலாம்." அவள் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தாள், துடைக்க ஒன்றுமில்லை.

"அந்த ஆறுக்கும் டார்க் வச்சது யாருப்பா?"

"நான்தான்."

"அப்ப ஏழு போல்ட்டையும் கழட்டணும்ப்பா" என்றாள், மெதுவாக, எனக்கு நோகக் கூடாது என்பதுபோல.